கல்லைப் புரட்டினால் திரும்ப மூடுங்கள்: கடலோரத்தில் உயிருள்ள சங்கு, சோழி பார்ப்பது எப்படி

ராமேஸ்வரம், திருச்செந்தூர் போய்வந்த வீடுகளில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு சங்கும் நாலு சோழியும் கட்டாயம் இருக்கும். அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்தச் சோழி உயிரோடு ஊர்ந்து போவதைப் பார்த்ததே இல்லை. உயிரோடு ஒரு தடவை பார்த்துவிட்டால் கடையில் கூடைகூடையாகக் குவித்துவைத்திருப்பதைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும், எனக்கு அப்படித்தான் மாறியது. எப்படிப் பார்ப்பது, எதைத் தொடக்கூடாது, பார்த்ததை எப்படிக் குறித்துவைப்பது என்று மன்னார் வளைகுடாக் கரையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் எங்கே போகலாம் என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக்கூடாது, யாராவது மீன்பிடி படகில் ரகசியமாகக் கூட்டிப்போகிறேன் என்றாலும் போகாதீர்கள். நமக்குத் திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் கரையிலேயே தலைகாட்டும் பாறைகள் போதும். பாறைக் குட்டைகளில் ஒரு மணி நேரம் குனிந்து நின்றால் பத்துப் பதினைந்து வகை தாராளமாகக் கண்ணில் படும்.

நேரம் முக்கியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக வற்றும். நம் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உயர வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடுவதே அபூர்வம், அதனால் அந்த இரண்டு மூன்று நாளைத் தவறவிட்டால் பாதிப் பாறை தண்ணீருக்குள்தான் இருக்கும். ஏற்ற வற்ற நேரத்தைச் செல்போனில் பார்த்துவிட்டு, கடைசி வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கிவிட்டால் வளைகுடாத் தண்ணீர் கலங்கிவிடும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல தெளிவு இருக்கும். அந்தக் காலத்தில் தூத்துக்குடி முத்துக்குளிப்பை மார்ச், ஏப்ரல் மாதங்களில் வைத்ததும் கடல் அடங்கிக் கிடக்கும் பருவம் என்பதால்தான்.

கொண்டுபோக வேண்டியவை அதிகம் இல்லை. தடித்த அடிப்பாகம் உள்ள செருப்பு அல்லது பழைய ஷூ (வெறுங்கால் வேண்டவே வேண்டாம், கடல் முள்ளெலியும் கல்மீனும் அங்கேதான் இருக்கும்), ஒரு நோட்டு, பென்சில், ஒரு பத்து ரூபாய் நாணயம். நாணயம் எதற்கென்றால், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் வைத்துவிட்டால் பிறகு அளவு கணக்கிடலாம். வாளியும் பையும் கொண்டுபோகாதீர்கள். கையில் பை இருந்தால் மனம் எடுக்கத்தான் சொல்லும்.

சரி, கல்லுக்கு வருவோம். கரையில் கிடக்கும் தலையளவு கல்லின் மேல்புறமும் அடிப்புறமும் இரண்டு வேறு ஊர்கள். மேல்புறத்தில் வெயிலும் அலையும் தாங்கும் ஆட்கள் இருப்பார்கள், கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு, தொப்பி கவிழ்த்த மாதிரி. அடிப்புறம் ஈரமும் இருட்டும். கல்லை உங்கள் பக்கமாக மெல்லத் தூக்குங்கள், அப்போதுதான் உள்ளே இருக்கும் மீனும் நண்டும் மறுபக்கம் ஓட வழி கிடைக்கும். அரை நிமிடம் பாருங்கள், போட்டோ எடுங்கள், பிறகு எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கமே மேலே வருமாறு, அதே குழியில் திரும்ப வைத்துவிடுங்கள். தூக்கிப்போட்டுவிட்டுப் போனால் அடியில் இருந்தவை வெயிலில் காய்ந்தும், மேலே இருந்தவை மண்ணுக்குள் மூச்சடைத்தும் செத்துப்போகும். ஒரு கல்லைப் புரட்டிப் போட்டதில் இரண்டு ஊர் அழிகிறது.

ஒருமுறை மணப்பாட்டில் அப்படித் தூக்கிய கல்லின் அடியில் ஒரு சோழி அசையாமல் இருந்தது. தொட்டால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன், இழுக்கவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, வயிற்றுக்கடியில் அரிசி மணிகளை நெருக்கி ஒட்டியதுபோல முட்டைப் பைகள். சோழி தன் பாதத்தால் முட்டைகளை மூடி அடைகாக்கும் உயிர். அதை அழகாக இருக்கிறதே என்று எடுத்திருந்தால், அந்த முட்டைகளைச் சிறு மீன்கள் கொத்தித் தின்றிருக்கும். இன்னொன்றும் கவனியுங்கள்: உயிருள்ள சோழியின் ஓட்டை அதன் சதை மடிப்பு இரண்டு பக்கமும் ஏறி மூடிக்கொள்ளும், அதனால்தான் அந்தப் பளபளப்பு. பாலிஷ் போட்டது யாரும் இல்லை.

கூம்பு வடிவத்தில், அழகான வலைப்பின்னல் கோலம் போட்ட சங்கைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். கூம்புச் சங்குகள் விஷ ஊசியை எய்து இரை பிடிப்பவை, மீனையே பிடித்துத் தின்னும் இனங்களின் கொட்டில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள், அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. அகன்ற பக்கத்தைப் பிடித்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். கொட்டிவிட்டால் அந்த உறுப்பை அசைக்காமல் துணியால் அழுத்திக் கட்டி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதே விஷத்தைப் பார்த்து உருவாக்கிய ஒரு வலி மருந்துக்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெறுக்க வேண்டிய உயிர் இல்லை அது.

வெறும் ஓடாகக் கிடப்பதை எடுக்கலாமே என்று கேட்பார்கள். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமல் பாருங்கள், பாதி ஓடுகளுக்குக் கால் முளைத்து நடக்கும். துறவி நண்டுக்கு அதுதான் வீடு, வளர வளரப் பெரிய வீடு தேவை.

எண்ணிக்கை எடுப்பது கடினம் இல்லை. பிவிசி பைப்பில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரம் ஒன்று செய்து, அதைப் பாறைமேல் வைத்து உள்ளே இருப்பதை மட்டும் எண்ணுங்கள். பத்து இடத்தில் வைத்து எண்ணி, தேதி, நேரம், இடம் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'வகை 1', 'வகை 2' என்று போட்டோ எண்ணோடு எழுதினால் போதும். ஓட்டின் வாய்ப்பக்கம் தானாகத் தெரிந்தால் அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அடையாளம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே பாறைக்குப் போவதுதான் இதில் பெரிய வேலை. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி இங்கே பவளங்கள் வெளுத்தன. செத்த பவளத்தில் பாசி மண்டும், அதை மேய்ந்து சுத்தம் செய்யும் நத்தைகள் இருந்தால்தான் புதுப் பவளக் குஞ்சு ஒட்ட இடம் கிடைக்கும். அந்த நத்தைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்பது உங்கள் நோட்டில் தெரியும்.

ஆழத்தில் இருப்பவற்றைப் பார்க்க மீன் இறங்கும் தளத்துக்குப் போங்கள். விசைப்படகு மடியில் (இழுவை வலையில்) வந்து, விலை போகாது என்று ஒதுக்கிய குவியலில் அவ்வளவு வகை கிடக்கும், பார்க்க வயிறு எரியும். "அண்ணே, இதுக்கு என்ன பேரு?" என்று மரியாதையாகக் கேட்டால் ஐவிரல் சங்கு, முள்ளுச் சங்கு, பேய்க்கணவாய் என்று அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சங்கு குளிக்கும் பெரியவர்கள் சிக்கினால் அரை நாள் உட்கார்ந்துவிடுங்கள். சங்கின் முட்டைக் கூடு ஆட்டுக்கொம்புபோல் முறுக்கிக்கொண்டு மணலில் நிற்கும், அதைச் சங்குப்பூ என்பார்கள். 57 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த சங்கைத் திரும்பக் கடலில் விட வேண்டும் என்ற விதியும் அவர்கள் வாயிலிருந்தே கேட்கலாம்.

கடைத்தெருவுக்கும் ஒரு வார்த்தை. பெரிய தலைக்கவசச் சங்கு, நாட்டிலஸ், ராட்சதச் சிப்பி, விரல் சங்குகளில் சில என 1972 வனவிலங்குச் சட்டத்தின் பட்டியலில் 2001-இல் சேர்க்கப்பட்ட இனங்கள் இருக்கின்றன, வைத்திருப்பதே குற்றம். பார்த்ததும் எது எது என்று பிரித்துச் சொல்ல நம்மால் முடியாது, ஆகவே எதையும் வாங்காமல் இருப்பதுதான் நல்லது. வலம்புரி என்று ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். நம் கடல் சங்கில் மூன்று நான்கு மடிப்புகள் கைக்குத் தட்டும். வழவழவென்று இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்கக் கடலில் பிறவியிலேயே வலம்புரிபோலச் சுருளும் வேறொரு நத்தையின் ஓடு.

அடுத்த அமாவாசை எந்தத் தேதி என்று காலண்டரில் பாருங்கள். முதல் தடவை ஒரே ஒரு கல் போதும்.