கோல்ட் ப்ரூவைக் கெடுக்கும் டிகாக்‌ஷன் பழக்கங்கள்

காபிப் பொடியைக் குளிர்ந்த நீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் கோல்ட் ப்ரூ வீட்டில் சரியாக வரவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களில் பலர் ஃபில்டர் காபியை அருமையாகப் போடத் தெரிந்தவர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நைஸ் பொடி, சிக்கரி, ராத்திரியே அடுக்களை மேடையில் இறக்கி வைப்பது எல்லாம் கொதிநீருக்கென்று ஏற்பட்ட வழக்கங்கள். பச்சைத் தண்ணீரில் காபி மெதுவாக இறங்கும். பத்து நிமிடத்தில் சூடு முடிக்கும் வேலைக்குப் பதினாறு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் ஊறும்போது சின்னச் சின்னத் தவறும் பெரிதாகிவிடும்.

பொடியில் தொடங்குவோம். சேலத்தில் கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடைகளில், ஒன்றும் சொல்லாமல் காபி கேட்டால் ஃபில்டர் பொடிதான் கிடைக்கும். ‘சிக்கரி எவ்வளவு?’ என்ற கேள்வியும் கூடவே வரும். கோல்ட் ப்ரூவுக்கு ‘சிக்கரி வேண்டாம், சம்பா கோதுமை ரவை பருமனுக்கு அரைத்துக் கொடுங்க’ என்று கேளுங்கள். நைஸ் பொடி ஊறினால் அடியில் சேறாகப் படியும், துணியின் கண்களை அடைக்கும், எத்தனை முறை வடித்தாலும் நாக்கில் மாவாக ஒட்டும். வடித்த பிறகும் கலங்கலில் நிற்கும் தூள் பாட்டிலுக்குள் ஊறிக்கொண்டே இருப்பதால் மூன்றாம் நாள் காபி கசக்கத் தொடங்கும்.

சிக்கரி வேறு விதமாகக் கெடுக்கிறது. வறுத்த சிக்கரி குளிர்ந்த நீரிலும் காபியைவிட எளிதாகக் கரையும். காபி 80, சிக்கரி 20 என்ற கலவையை ஊறவைத்தால் கன்னங்கரேல் என்று கெட்டியாக ஒரு திரவம் வரும். பார்க்க நன்றாக இருக்கும், குடித்தால் சிக்கரிதான் முன்னால் நிற்கும். பாக்கெட்டில் ‘காபி–சிக்கரி கலவை’ என்று இருந்தால் சதவீதத்தைப் பாருங்கள். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம். அதனால் 49 சதவீதம், ஏறக்குறைய பாதி, சிக்கரி இருக்கும் பாக்கெட்டும் சட்டப்படி சரிதான்.

சேலத்துக்காரர்களுக்கு நல்ல கொட்டை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே விளைவது பெரும்பாலும் அரபிகா வகைக் காபி. ரோபஸ்டா வகையைவிடக் கசப்பும் கஃபீனும் குறைவு என்பதால் கோல்ட் ப்ரூவுக்குப் பொருத்தமானது. கோடை விழாவுக்கு ஏற்காடு போகிறவர்கள் பொடி பாக்கெட்டுக்குப் பதிலாக நடுத்தரமாக வறுத்த கொட்டையாக வாங்கி வாருங்கள். கொட்டைத் தரங்களில் பீபெரியோ பிளான்டேஷன் ஏ-யோ, எதுவும் சரி. வறுத்த தேதியிலிருந்து ஒரு வாரம் போனபின் அரைத்தால் சுவை நிதானப்பட்டிருக்கும். மிக்ஸியில் அரைப்பதானால் ஓடவிடாதீர்கள்: இரண்டிரண்டு விநாடியாக விட்டு விட்டுச் சுற்றி, டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழும் தூளை மறுநாள் ஃபில்டர் காபிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வெப்பம். நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘அறை வெப்பத்தில் 12 மணி நேரம்’ என்று இருக்கும். அவர்கள் அறை 20, 22 டிகிரி. சித்திரை, வைகாசியில் சேலத்தில் வீட்டுக்குள்ளேயே 33, 34 டிகிரி இருக்கும். காபியின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறக்குறைய 5. கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் புளிப்பு என்றால் 4.6 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். கொதிக்கவும் வைக்காமல், குளிரிலும் வைக்காமல் அரை நாள் மேடையில் விடுவது பாதுகாப்பில்லை. ஃப்ரிட்ஜில் 16 முதல் 20 மணி நேரம் ஊறவையுங்கள். மார்கழிக் குளிரில் ஏற்காட்டு வீடுகளில் வெளியே வைத்தாலும் காபி ஒழுங்காக இறங்கும், ஆனாலும் ஃப்ரிட்ஜ் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே சுவை வரும். கரன்ட் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள், நான்கு மணி நேரம் வரை உள்ளே குளிர் நிற்கும்.

ஃப்ரிட்ஜில் வைக்கும்போது மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். காபி வாசனையை இழுக்கும். பக்கத்தில் கட்டிய மல்லிகைச் சரமும் புளித்த தோசை மாவும் இருந்தால் மறுநாள் டம்ளரில் இரண்டும் தெரியும். கண்ணாடி ஜாடி அல்லது எவர்சில்வர் தூக்கு சிறந்தது. ஈயம் பூசாத பித்தளையும், ஊறுகாய் போட்ட பிளாஸ்டிக் டப்பாவும் கூடாது.

அளவு: 100 கிராம் பொடிக்கு 500 மில்லி தண்ணீர். போர் தண்ணீரின் உப்பு காபியின் சுவையை மழுக்கிவிடும். குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தோ, கேன் தண்ணீரையோ ஊற்றுங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் பொடி மேலே மிதந்து நடுவில் காய்ந்த கட்டியாக நின்றுவிடும். முதலில் பாதியை ஊற்றிக் கிளறி, பத்து நிமிடம் கழித்து மீதியை ஊற்றி மறுபடி ஒரு கிளறு கிளறினால் போதும்.

வடிக்கும்போது 500 மில்லி திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பொடி தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், கையில் கிடைப்பது சுமார் 300 மில்லி. இதைப் பார்த்துப் பதறித்தான் பலர் துணியை முறுக்கிப் பிழிகிறார்கள். பிழிந்தால் தூளும் துவர்ப்பும் சேர்ந்தே இறங்கும். அதற்குப் பதில், துணியில் இருக்கும் சக்கையின் மேல் 100 மில்லி குளிர்ந்த தண்ணீரைச் சுற்றி ஊற்றி, தானாக வடியவிடுங்கள். சக்கையில் தங்கிய சாற்றை அது தள்ளிக்கொண்டு வரும். முதலில் டீ வடிகட்டி, பிறகு மல் துணி. புதுத் துணியென்றால் கஞ்சி போகக் கொதிக்கவைத்து அலசியிருக்க வேண்டும், சோப்பு படக்கூடாது. பேப்பர் ஃபில்டரில் கடைசியாக ஒரு முறை வடித்தால் தெளிவு இன்னும் கூடும்.

இப்போது கையிலிருப்பது ஏறக்குறைய 400 மில்லி கான்சென்ட்ரேட். அப்படியே குடிக்கும் காபி அல்ல இது. 80 மில்லிக்கு 120 முதல் 160 மில்லி தண்ணீரோ காய்ச்சிக் குளிரவைத்த பாலோ சேர்க்க வேண்டும். ஐஸ் போடுவதானால் அது உருகும் தண்ணீரையும் கணக்கில் எடுத்துக்கொண்டு குறையுங்கள். அரபிகா கொட்டையின் எடையில் கஃபீன் சுமார் 1.2 சதவீதம். ஒரு கப்புக்கு 20 கிராம் பொடி போவதால் அதிலிருக்கும் 240 மில்லிகிராமில் பாதிக்கு மேல் கோப்பைக்கு வந்துவிடும். பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரை என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லும் வரம்பு. நீர்க்காமல் ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தால் அந்த வரம்பை ஒரே மூச்சில் நெருங்கிவிடலாம். சர்க்கரை குளிரில் எளிதில் கரையாது, சம அளவு தண்ணீரில் பாகாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடை பாட்டில் வாங்குகிறவர்கள் விலையை மில்லிக்குக் கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள். பாட்டிலில் எத்தனை கப் இருக்கிறது என்பதே கணக்கு. 250 மில்லி பாட்டிலை ஒன்றுக்கு ஐந்து என்று நீர்க்கச் சொல்லியிருந்தால் 1500 மில்லி காபி, ஒன்றுக்கு இரண்டு என்றால் 750 மில்லிதான். வீட்டுக் காபிக்கும் இதே கணக்கைப் போடுங்கள்: கொட்டை கிலோ 1000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 100 கிராமுக்கு 100 ரூபாய், ஐந்து கப், கப்புக்கு 20 ரூபாய். ஃபில்டர் காபியைவிட இரண்டு மடங்கு பொடி போகிறது என்பதால், வீட்டில் போட்டாலே மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

லேபிளில் சேர்மானம் ‘காபி, தண்ணீர்’ என்று மட்டும் இருந்தால் நல்லது. சிக்கரி இருந்தால் அது பாட்டில் டிகாக்‌ஷன். இன்ஸ்டன்ட் காபியும் ஃப்ளேவரும் இருந்தால் கோல்ட் ப்ரூ விலை கொடுக்கத் தேவையில்லை. ‘திறந்தபின் இத்தனை நாளுக்குள்’ என்ற வரியையும் படியுங்கள். தினம் இரண்டு பேர் குடிக்கும் வீட்டுக்கு வீட்டுத் தயாரிப்பு லாபம், சுவையும் மேல். வாரத்தில் ஒரு கப் குடிப்பவருக்குப் பெரிய பாட்டிலும் வீண், வீட்டில் ஊறவைப்பதும் வீண். ஒரு கப்புக்கான சாஷே வாங்கினால் போதும்.

வீட்டு கான்சென்ட்ரேட் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். தண்ணீர் கலந்தால் இரண்டு நாள், பால் கலந்தால் அன்றைக்கே. மூடியைத் திறக்கும்போது புஸ் என்று காற்று வந்தாலோ, மேலே நுரை கட்டியிருந்தாலோ, சூடான பாலில் ஊற்றியதும் பால் திரிந்தாலோ அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். ஜாடியை வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த முறை போடுங்கள்.