வெள்ளம் வடிந்த வீட்டில் எதை முதலில் எடுப்பது

கோலாலம்பூரில் நிலத்தடி அறை உள்ள வீடுகள் அரிது. இங்கே வெள்ளம் புகுவது வரிசை வீடுகளின் கீழ்த்தளத்திலும், அடுக்குமாடிகளின் நிலத்தடி வாகன நிறுத்துமிடங்களில் பலர் பழைய சாமான்களைப் போட்டு வைத்திருக்கும் கிடங்கு அறைகளிலும்தான். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் இடத்தில் உருவான நகரம் இது. 2007இல் வெள்ளநீரைத் திசைதிருப்பும் ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்ட பின் நகர மையத்துக்கு ஓரளவு பாதுகாப்புக் கிடைத்திருந்தாலும், தாழ்வான தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) இரண்டு மணி நேரக் கனமழைக்கே கால்வாய் நிரம்பி, அந்த நீர் குளியலறைத் தரைத் துவாரம் வழியாகவே வீட்டுக்குள் மேலெழுந்து வருவதுண்டு. ஆகவே கூடத்தில் நின்ற நீரை மழைநீர் என்று எண்ணிவிடக் கூடாது. கழிவுநீர் கலந்த நீர் என்று கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

நீர் வடிந்ததும் எல்லோருடைய கையும் துடைப்பத்தையே தேடும். நானும் அப்படித்தான் ஒரு முறை முதல் நாள் முழுவதும் கூடத்துச் சேற்றை வழித்துத் தள்ளினேன். மறுநாள் மாலை அலமாரியின் அடித்தட்டைத் திறந்தபோது, குடும்ப ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன. தரை ஓட்டில் சேறு காய்ந்து இறுகினாலும் தண்ணீர் அடித்து இளக்கிவிடலாம். காகிதமும் புகைப்படமும் பட்டும் அப்படிக் காத்திருப்பவை அல்ல. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் ஒன்றிரண்டு நாளுக்குள் அவற்றில் பூசணம் பிடித்துவிடும். எனவே விரைவில் கெடுபவை முதலில், கெடாதவை கடைசியில் என்பதே வரிசை.

அதற்கும் முன்னால் மின்சாரம். மெயின் சுவிட்ச் பெட்டி நனைந்திருந்தாலோ, அதை எட்டுவதற்கு நீரில் நிற்க வேண்டியிருந்தாலோ தொடவே கூடாது. 15454 என்ற எண்ணில் மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலை அழைக்க வேண்டும். நீர் வடிந்துவிட்டது என்பதற்காக மின்சாரத்தைத் திரும்பப் போட்டுவிடவும் கூடாது. தாழ்வாக உள்ள பிளக் துளைகளுக்குள் சேறும் ஈரமும் தங்கியிருக்கும் என்பதால், பதிவு பெற்ற வயர்மேன் பார்த்த பிறகே இணைப்பைக் கொடுக்கலாம். எரிவாயுச் சிலிண்டர் மிதந்து இடம் மாறியிருந்தால் வால்வை மூடி வெளியே எடுத்து வைப்பது நல்லது. பாம்பு தென்பட்டால் கம்பைத் தேடாமல் விலகி நின்று தீயணைப்புத் துறையான போம்பாவையோ பொதுத் தற்காப்புப் படையையோ அழையுங்கள். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் தடித்த கையுறையும் இல்லாமல் உள்ளே இறங்க வேண்டாம்.

எதையும் நகர்த்துவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படம் பிடியுங்கள். சுவரில் நீர் நின்ற கோடும், குளிர்பதனப் பெட்டி போன்ற பொருள்களின் மாடல் எண்ணும் தெரிய வேண்டும். தீ விபத்துக்கு மட்டும் எடுத்த காப்புறுதியில் வெள்ளம் பொதுவாக அடங்காது. வாகனத்துக்கு முழுக் காப்புறுதி இருந்தாலும், வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியே சேர்த்திருந்தால்தான் இழப்பீடு கிடைக்கும். நீரில் மூழ்கிய காரைக் கிளப்பிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இயந்திரத்துக்குள் நீர் புகுந்திருந்தால் அந்த ஒரு முயற்சியே அதை உடைத்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இழுவை வண்டிக்குச் சொல்லுங்கள்.

இனி காகிதங்கள். மாடியில் ஓர் அறை உலர்ந்திருந்து, அங்கே மின்சாரமும் பாதுகாப்பாக இருந்தால், குளிர்சாதனத்தை ஓடவிட்டு அதையே உலர்த்தும் அறையாக்கிக்கொள்ளுங்கள். வெளிக்காற்றே ஈரமாக இருக்கும் ஊரில் சன்னலைத் திறப்பதால் மட்டும் காகிதம் காயாது. வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்), பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, சமையலறைத் தாளின்மேல் பரப்பி, தாள் நனைய நனைய மாற்ற வேண்டும். லேமினேட் செய்த பத்திரம் பத்திரமாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஓரம் வழியே நீர் புகுந்திருந்தால் உள்ளேயே பூசணம் பூக்கும். காகிதத்தைத் தொடாமல் பிளாஸ்டிக்கின் ஓரத்தை மட்டும் வெட்டிப் பிரிக்க வேண்டும்.

பழைய ஸ்டூடியோப் புகைப்படங்கள் நாம் நினைப்பதைவிட உறுதியானவை. அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் நீரல்ல, ஒட்டிய நிலையில் காய்ந்துபோவதுதான். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீர் நிரம்பிய தட்டில் மிதக்கவிட்டு, படப்பகுதியைத் தேய்க்காமல் அலசி, துணிக் கவ்வியால் ஓரத்தைப் பிடித்துக் கொடியில் தொங்கவிடலாம். வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியில் எடுத்த படங்களுக்கு இது பொருந்தாது. அவற்றின் மை நீரில் கரைந்தோடிவிடும். கையில் இருப்பது நூற்றுக்கணக்கான படமென்றால், இரண்டு நாளுக்குள் எல்லாவற்றையும் அலசி முடிக்க இயலாது. அப்போது இடையிடையே கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாளை வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். வீட்டுப் பெட்டி மூழ்கியிருந்தால் அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். உறைந்த நிலையில் பூசணம் வளராது. மாதக்கணக்கில் பொறுமையாக, சிறிது சிறிதாக எடுத்து உலர்த்தலாம். புத்தகங்களுக்கும் இதே வழிதான்.

சட்டமிட்ட படங்களை, குறிப்பாகப் பூசையறைப் படங்களையும் தாத்தா பாட்டி படங்களையும், பின்பலகையைக் கழற்றி உடனே வெளியே எடுக்க வேண்டும். படம் கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்துவிட்டால் உரிக்கவே கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்துப் பிரதி செய்துகொள்ளலாம்.

பட்டுச் சேலைகளைக் குவியலாக ஊறவைத்தால் ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஏறும். ஒவ்வொன்றாகச் சுத்த நீரில் சேறு போகும் வரை அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, நிழலில் உலர்த்துங்கள். பட்டில் குளோரோக்ஸ் என்னும் ப்ளீச் திரவம் பட்டால் இழையே அரித்துப்போகும். பருத்தித் துணிகளைச் சேறு அலசியபின் வெந்நீரிலும் சோப்பிலும் துவைத்தால் போதும்.

மரச்சாமான்களில் ஒரு பாகுபாடு உண்டு. பழைய தேக்கு அலமாரியைக் கழுவி, இழுப்பறைகளைக் கழற்றி, வெயில் படாத காற்றோட்டத்தில் மெதுவாக உலரவிட்டால் பிழைத்துக்கொள்ளும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். மரத்தூள் பலகையில் செய்த சமையலறை கேபினட் ஒரு முறை நீர் குடித்து உப்பிவிட்டால் மீளாது. எத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்துச் செய்திருந்தாலும், அதைக் கழற்றிப் போடுவதே அதன் பின்னால் உள்ள சுவரைக் காப்பாற்றும். மெத்தை, தலையணை, பஞ்சு சோபா ஆகியவற்றில் ஊறிய கழிவுநீரை வெளியே எடுக்க வழியில்லை என்பதால் அவற்றுக்கும் விடைகொடுக்க வேண்டியதுதான்.

சமையலறையில் மனம் இளகக் கூடாது. வெள்ளநீர் தொட்ட அரிசி, பருப்பு, மசாலைத்தூள் எல்லாம் குப்பைக்கு. திருகுமூடிப் பாட்டில்களும் அப்படியே, ஏனெனில் மூடியின் மரைக்குள் புகுந்த சேறு கழுவினாலும் போகாது. நசுங்காத, துருப்பிடிக்காத தகர டின்களை மட்டும் லேபிளைக் கிழித்துக் கழுவி, கிருமிநீக்கி வைத்துக்கொள்ளலாம். மரக்கரண்டி, காய் வெட்டும் பலகை ஆகியவை வேண்டாம். எவர்சில்வர் பாத்திரங்களையும் குத்துவிளக்கையும் பற்றிக் கவலையே இல்லை. அவை கடைசி வரை காத்திருக்கும். கிரைண்டர், சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றை வெளியே உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் பழுதுபார்ப்பவர் சோதிக்காமல் பிளக்கில் செருக வேண்டாம்.

இப்போதுதான் தரையும் சுவரும். சேற்றை வாரி, மேலிருந்து கீழாகக் கழுவி, சோப்பு நீரால் தேய்த்த பிறகே குளோரோக்ஸ். சேற்றின் மேலேயே ஊற்றினால் அதன் வீரியம் சேற்றோடு போய்விடும். நான்கு லிட்டர் குளிர்ந்த நீருக்கு ஒரு கோப்பை, அதாவது சுமார் 240 மில்லிலிட்டர், தரைக்கும் சுவருக்கும் போதும். உணவுப் பாத்திரத்துக்கு அதே அளவு நீரில் ஒரு மேசைக்கரண்டி மட்டுமே. கழிவறை கழுவும் அமிலத்தோடோ அம்மோனியா கலந்த திரவத்தோடோ இதைக் கலந்தால் நச்சு வாயு எழும். சன்னல்களைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள்.

செங்கல் சுவர் நீர்க்கோட்டுக்கு மேலேயும் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். பெருநாள் நெருங்குகிறது என்று அவசரமாகச் சாயம் பூசினால் சில மாதங்களில் அது செதில் செதிலாக உரியும். ஒரு பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உட்புறத்தில் நீர் முத்து கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. வாசலில் குவித்த பழைய சாமான்கள் அள்ளப்படும் வரை, அவற்றில் மழைநீர் தேங்காமல் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரமே போதும்.

வேலை முடிந்த பிறகும் ஒரு மாதம் உடம்பைக் கவனிக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தலைகாட்டும். சிலருக்கு 30 நாள் வரையும் ஆகலாம். காய்ச்சலும், கெண்டைக்காலில் கடுமையான வலியும், கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் பனடோல் போட்டுப் படுத்துவிடாமல் கிளினிக்குக்குச் செல்லுங்கள். வெள்ளநீரில் இறங்கி வேலை செய்ததை மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.