பூஜ்ஜியத்தை எப்படிப் படிக்கிறோம்? ஹாக்கி எண்களிலும் அலுவலகத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல், அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதை ட்ராஃப்ட் என்பார்கள். 2008-இல் நடந்த ட்ராஃப்டில், சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணி 11-ஆவது இடத்தில் கைல் பீச் என்ற இளைஞரை எடுத்தது. அடுத்து 12-ஆவதாகப் போனவர் டைலர் மையர்ஸ். 15-ஆவதாகப் போன எரிக் கார்ல்சன், சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதைப் பிற்பாடு மூன்று முறை வாங்கினார். பீச்சின் பெயருக்கு நேரே மட்டும் என்.எச்.எல். ஆட்டங்கள் 0 என்று இருக்கும். ஐஸ் ஹாக்கிப் புள்ளிவிவரங்களிலேயே மூழ்கிக் கிடக்கும் ரசிகன் நான். அந்த வரியைப் பல வருடங்களாக ஒரே மாதிரிதான் படித்து வந்தேன்: ஆளைத் தவறாகக் கணித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

2021 அக்டோபரில் அந்தப் பூஜ்ஜியத்தை மறுபடி பார்க்க வேண்டி வந்தது. 2010-இல் பீச்சுக்கு 20 வயது. பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சமயத்தில், தேவைப்பட்டால் இறக்கலாம் என்று அணியோடு வைத்திருந்த இளம் வீரர்களில் ஒருவர். அணியின் வீடியோ பயிற்சியாளர் பிராட் ஆல்ட்ரிச் தன்னைப் பாலியல் ரீதியாகத் தாக்கியதாக அவர் சொன்னார். சம்மதத்தோடுதான் நடந்தது என்று ஆல்ட்ரிச் விசாரணையாளர்களிடம் சொன்னார். விஷயம் அப்போதே அணியின் மேலதிகாரிகள் வரை போயிருந்தது. பதினொரு வருடம் கழித்து, அணி நியமித்த சட்ட நிறுவனத்தின் அறிக்கை அக்டோபர் 26 அன்று வெளியானது. மறுநாள் பீச் தொலைக்காட்சியில் வந்து, அதில் பெயரை மறைத்து 'ஜான் டோ' என்று குறிப்பிடப்பட்டவர் நான்தான் என்றார்.

அவர் ஏன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை என்பதற்கு ஒரே காரணம் காட்ட நான் வரவில்லை. ஒரு எண்ணைப் பார்த்ததும் "இதில் எது பதிவாகவில்லை?" என்று கேட்கப் பழகியவன் நான். அந்தக் கேள்வியை இந்த எண்ணிடம் மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன். நம்மில் பலர் அலுவலகத்திலும் இதே தவறைச் செய்கிறோம். அதனால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

ப்ளஸ்-மைனஸ் காட்டுவதை அப்படியே நம்புவது

புதிதாக ஹாக்கி பார்ப்பவர்கள் முதலில் விழும் குழி இதுதான். இரு அணியிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள் இருக்கும்போது உங்கள் அணி கோல் போட்டால், அந்த நேரத்தில் பனிக்களத்தில் இருந்த எல்லாருக்கும் ஒரு ப்ளஸ். கோல் வாங்கினால் ஒரு மைனஸ். 1970-71 பருவத்தில் பாபி ஓர் ப்ளஸ் 124 எடுத்தார். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. ஆனால் கோல் என்பது ஒரு ஆட்டத்தில் ஐந்தாறு முறை நடக்கும் சங்கதி. கூட ஆடியவர்கள் யார், பின்னால் நின்ற கோலி (கோல் காப்பவர்) யார் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்து கிடக்கும். மோசமான அணியில் நன்றாக ஆடுபவர் மைனஸ் 20-இல் நிற்பார். அவரைச் சோம்பேறி என்பார்கள்.

இதற்கு மாற்றாக வந்தவை கோர்சி போன்ற கணக்குகள். பஃபலோ அணியின் கோலி பயிற்சியாளராக இருந்த ஜிம் கோர்சியின் பெயர் அது. கோலான ஷாட், கோலி தடுத்தது, வெளியே போனது, நடுவில் யார் காலிலோ பட்டு நின்றது என எல்லா முயற்சிகளையும் எண்ணுவார்கள். எண்ணிக்கை பெருகும்போது அதிர்ஷ்டத்தின் பங்கு குறையும். 2013-14 கொலராடோ அவலாஞ்ச் நல்ல உதாரணம். ஷாட்டுகளில் எதிரணிகளைவிடப் பின்தங்கியே இருந்தும் 112 புள்ளி எடுத்து, தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். பயிற்சியாளர் பாட்ரிக் ருவாவுக்கு விருது கிடைத்தது. ஷாட்டுகளைப் பார்த்துவந்தவர்கள், இது நிலைக்காது என்றார்கள். அடுத்த பருவம் 90 புள்ளி, பிளேஆஃபுக்கே போகவில்லை.

சரி, கோர்சியும் வேதவாக்கு இல்லை. முன்னணியில் இருக்கும் அணி பின்னால் இறங்கி ஆடும். தோற்றுக்கொண்டிருக்கும் அணி கண்டபடி அடிக்கும். ஸ்கோரைப் பார்க்காமல் ஷாட்டை மட்டும் எண்ணினால் தோற்றவர்கள் சிறந்தவர்களாகத் தெரிவார்கள்.

யார் எழுதினார்கள் என்று கேட்காமல் விடுவது

மோதல்கள், பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) பறிகொடுத்தது போன்றவற்றை ஒவ்வொரு அரங்கிலும் உட்கார்ந்திருக்கும் குறிப்பாளர்கள்தான் பதிவு செய்கிறார்கள். ஒரு ஊரில் மோதல் என்று எழுதுவதை இன்னொரு ஊரில் எழுத மாட்டார்கள். அதனால் ஒரே வீரரின் எண் சொந்த ஊரில் ஒரு மாதிரியும் வெளியூரில் ஒரு மாதிரியும் வரும். விவரம் தெரிந்த ரசிகர்கள் இதைத் திருத்திவிட்டுத்தான் ஒப்பிடுவார்கள்.

அதே ரசிகர் அலுவலகத்துக்குப் போகிறார். "எங்கள் கம்பெனியில் பாலியல் தொல்லைப் புகார் ஒன்றுகூட இல்லை" என்று மனிதவள அதிகாரி சொன்னால் அப்படியே நம்புகிறார். புகார் எண்ணிக்கையை எழுதுவது யார்? புகார் வந்தால் யாருக்குச் சங்கடமோ, பெரும்பாலும் அவர்கள்தான். புகார் கொடுப்பவருக்கு என்ன ஆகும் என்பதைப் பொறுத்தே அந்த எண் ஏறும், இறங்கும். அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தின் குழு ஒன்று 2016-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வேலையிடத்தில் தொல்லைக்கு ஆளானவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் மேலாளரிடமோ தொழிற்சங்கத்திடமோ அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் புகார்க் குழு இருக்க வேண்டும். ஆண்டறிக்கையில் புகார் எண்ணிக்கையும் வர வேண்டும். அங்கே பூஜ்ஜியம் என்று இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமாகிவிடாது. அந்தக் கதவைத் தட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை என்றும் இருக்கலாம். பத்து ஆண்டுகளில் பெரிய நிறுவனம் ஒன்றில் ஒரு புகாரும் இல்லையென்றால், எனக்கு அது நிம்மதியைவிடக் கவலையைத்தான் தருகிறது.

எண் இருந்தும் கண்ணில் படாமல் போவதும் உண்டு. ஹாக்கி கனடா அமைப்பு 1989 முதல் பாலியல் அத்துமீறல் வழக்குகளில் 21 பேருக்கு மொத்தம் 8.9 மில்லியன் கனடிய டாலர் கொடுத்திருந்தது 2022-இல் நாடாளுமன்றக் குழு முன்னால்தான் தெரிய வந்தது. அதில் பெரும்பகுதி போன நிதியில், சிறுவர் சிறுமியர் ஆடுவதற்காகப் பெற்றோர் கட்டிய பதிவுக் கட்டணமும் சேர்ந்திருந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே தலைமை நிர்வாகியும் இயக்குநர் குழு முழுவதும் வெளியேறினார்கள்.

பெண் ரசிகைக்கு மட்டும் பரீட்சை வைப்பது

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பிளேஆஃப் வந்தால் ஆளுக்குப் பத்து டாலர் போட்டு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டு நடக்கும். ஒரு வருடம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் தானும் வருவதாகச் சொன்னார். வட்டத்தில் இருந்த ஒருவர் சிரித்தபடியே, "முதல்ல ஐசிங்னா என்னன்னு சொல்லு பாப்போம்" என்றார். அந்தப் பெண் சரியாகவே சொன்னார். உடனே அடுத்த கேள்வி, அதற்கடுத்து இன்னொன்று. அதற்கு முந்தைய வருடம் நான் சேர்ந்தபோது யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. பத்து டாலரை வாங்கிக்கொண்டார்கள், முடிந்தது. அந்தப் பெண் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது நானும் அங்கேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் அவர் சேரவில்லை.

ஆண் என்பதால் கிடைக்கும் சலுகை என்றாலே நம் ஆட்களுக்குக் கோபம் வருகிறது. "எனக்கு என்ன சலுகை? நானும் கஷ்டப்பட்டுத்தான் வந்தேன்." ஹாக்கி ரசிகருக்கு இதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு முறை களமிறங்கும்போதும் ஒரு வீரர் எந்த எல்லையில் தொடங்குகிறார் என்று கணக்கெடுப்போம். எதிரணியின் கோலுக்குப் பக்கத்திலேயே அடிக்கடி தொடங்குபவரின் எண்கள் அழகாக இருக்கும். தன் கோலுக்கு முன்னாலேயே எப்போதும் தொடங்குபவர், பக்கை வெளியே கொண்டுபோவதற்குள் களைத்துவிடுவார். முதலாமவர் உழைக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. தொடங்கிய இடத்தைச் சேர்த்துக் கணக்குப் போடு என்றுதான் சொல்கிறோம். பரீட்சை இல்லாமல் வட்டத்துக்குள் போனது என் தொடக்க இடம். கடைசி ரயிலுக்கு யாரோடு நடப்பது, மேலாளர் தனியாகச் சாப்பிடக் கூப்பிட்டால் என்ன சாக்குச் சொல்வது என்றெல்லாம் யோசிக்காமலே இத்தனை வருடம் வேலை பார்த்ததும் அதுதான்.

"திறமை இருந்தால் வந்திருப்பார்கள்" என்பது

1996-97 பருவத்தில் அனாஹெய்ம் அணியில் ஏஞ்சலா கோர்கோன் உதவிப் பொது மேலாளராக இருந்தார். அதற்கப்புறம் அந்தப் பதவிக்கு இன்னொரு பெண் வர 2022 ஜனவரி ஆனது. வான்கூவரில் எமிலி காஸ்டொங்கே. சில வாரங்களில் அதே அணிக்கு கேமி கிரானடோவும் வந்தார். அதே ஆண்டில் டொராண்டோவில் ஹெய்லி விக்கன்ஹைசர், சியாட்டிலில் அலெக்ஸாண்ட்ரா மாண்ட்ரிக்கி. மாண்ட்ரிக்கி நம்மைப் போல எண் பைத்தியம் பிடித்தவர். கூட்டாளிகளோடு சேர்ந்து ரசிகர்களுக்காகப் புள்ளிவிவரத் தளம் நடத்தியவர். கால் நூற்றாண்டு யாருமில்லை, பிறகு ஒரே ஆண்டில் இத்தனை பேர். திறமை ஒரே வருடத்தில் முளைப்பதில்லை. கதவு எப்போது திறந்தது என்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன.

ஆண்களுக்கு இது நடக்காது என்று நினைப்பது

பீச் ஆறடிக்கு மேல் உயரம், முரட்டு ஆட்டத்துக்குப் பெயர் வாங்கியவர். அவருக்கு நடந்தது தெரிந்ததும் சக வீரர்கள் சிலர் அவரை ஓரினச்சேர்க்கையாளர் என்று கேலி செய்த விவரமும் அறிக்கையில் இருக்கிறது. 'ஆம்பளை' என்ற பட்டம் பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். அதே பட்டம்தான் பாதிக்கப்பட்ட ஆணின் வாயையும் அடைக்கிறது. இந்தியாவின் 2013 சட்டத்தில் பெண்கள் மட்டுமே புகார் கொடுக்க முடியும் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒருவர் வந்து சொல்லும்போது செய்யும் தவறுகள்

இங்கேதான் புள்ளிவிவரப் பழக்கம் நம்மைக் கெடுக்கும். யாரோ ஒருவர் தயங்கித் தயங்கி நடந்ததைச் சொல்கிறார். நாம் உடனே ஆதாரம் கேட்கிறோம், தேதி கேட்கிறோம், வேறு யாருக்காவது நடந்ததா என்று கேட்கிறோம். விசாரிப்பது விசாரணைக் குழுவின் வேலை. அவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நம் வேலை, முழுதாகக் கேட்பது; "உங்களுக்கு என்ன செய்யலாம் என்று தோன்றுகிறது?" என்று கேட்பது. அவர் விரும்பினால், நடந்ததைத் தேதியோடு எழுதி வைக்க உதவலாம். புகாருக்குக் கெடு உண்டு என்பதையும் சொல்லலாம். இந்தியச் சட்டத்தில் மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அவர் வேண்டாம் என்றால், நாமாகப் போய்ச் சம்பந்தப்பட்ட ஆளிடம் சண்டை போடக் கூடாது. அதன் விலையை அவர்தான் கொடுப்பார்.

இன்னொரு தவறு, "அவர் ரொம்ப நல்ல பயிற்சியாளராச்சே" என்பது. மேலாளர், மூத்த பொறியாளர், பெரிய வாடிக்கையாளர் என்று எந்தப் பெயரையும் அங்கே போட்டுக்கொள்ளலாம். ஒருவர் கொண்டுவரும் வெற்றி ஒரு கணக்கு. அவர் அருகில் இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பது வேறு கணக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்க முடியாது.

சிகாகோவில் அதைத்தான் கழிக்கப் பார்த்தார்கள். 2010 மே 23 அன்று அணி மேற்குப் பிரிவை வென்றது. அன்று மாலையே மேலதிகாரிகள் கூடி ஆல்ட்ரிச் விஷயத்தைப் பேசினார்கள். தலைமைப் பயிற்சியாளர் ஜோயல் குவென்வில்லும் அங்கே இருந்தார் என்கிறது அறிக்கை. மனிதவளத் துறைக்கு விஷயம் போனது ஜூன் 14 அன்று. இடையில் ஜூன் 9 அன்று, 1961-க்குப் பிறகு முதல்முறையாக லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்றார்கள். மறுநாள், 22 வயது இன்டர்ன் (வேலை பழக வந்தவர்) ஒருவரிடம் ஆல்ட்ரிச் தவறாக நடக்க முயன்றார் என்பதும் அறிக்கையில் இருக்கிறது. ஜூன் 16 அன்று, விசாரணையா ராஜினாமாவா என்று கேட்டார்கள்; அவர் ராஜினாமா செய்தார். பின்னாளில் மிச்சிகனில் ஒரு மாணவர் தொடர்பான பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றார்.

2021-இல் அணிக்கு 20 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பொது மேலாளர் ஸ்டான் போமன் பதவி விலகினார். அப்போது ஃப்ளோரிடாவில் இருந்த குவென்வில்லும் விலகினார். 2024 ஜூலையில் லீக் இருவரையும் மறுபடி அனுமதித்தது. போமன் எட்மண்டனுக்குப் போனார், குவென்வில் 2025-இல் அனாஹெய்முக்கு. குவென்வில் திரும்பியபோது எல்லா இடத்திலும் பேசப்பட்ட எண் 969: அதுவரை அவர் பயிற்சியில் கிடைத்த வெற்றிகள், வரலாற்றில் இரண்டாம் இடம். என் குறிப்பேட்டில் அதன் பக்கத்தில் 22 என்று எழுதியிருக்கிறேன். மே 23 முதல் ஜூன் 14 வரை உள்ள நாட்கள். பீச்சின் பூஜ்ஜியத்தை அந்த இரண்டுக்கும் கீழே மாற்றி எழுதினேன்.