பழைய கார் வாங்கினால் பெயிண்டிலிருந்து தொடங்காதீர்கள்

போன மாதம் எங்கள் ஒழுங்கைத் தம்பி ஒருவன் பொக்ஸ் லான்சர் (பெட்டி வடிவப் பழைய மிட்சுபிஷி கார்) ஒன்றை வாங்கிவந்து என் வீட்டு வாசலில் நிறுத்தினான். சிவப்பு நிறம், முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. “அண்ணா, உள்ளுக்கும் பாருங்க, சீற் எல்லாம் புதுசு” என்றான். நான் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். கறுப்புத் தார் அடித்திருந்தார்கள், வாசம்கூட இன்னும் போகவில்லை. அந்த வாசம் எனக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து வருடத்துக்கு முன்னர் அதே வாசத்தோடு ஒரு மொரிஸ் மைனரை நானும் ஊருக்குக் கொண்டுவந்தேன்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் நம் பிள்ளைகள் பலர் பழைய கார்களின் பக்கம் திரும்பினார்கள். அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் நான் விட்ட பிழைகளையே அவர்களும் விடுவதைப் பார்க்கும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. ஒயில் மாற்றுவது, ரேடியேற்றரில் தண்ணீர் பார்ப்பது எல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவற்றை விடுகிறேன்.

பெயிண்ட் முதலில், அடிப்பக்கம் பிறகு

இதுதான் எல்லாவற்றிலும் அதிகம் காசைத் தின்னும் பிழை. இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதை நினைத்தால்தான்.

நம் திருகோணமலை நகரத்துக்கு ஒரு பக்கம் துறைமுகம், மற்றப் பக்கம் திறந்த கடல். வாடைக்காற்றுக் காலம் தொடங்கிய பிறகு டச்சுக்குடாப் பக்கம் ஓர் இரவு நிறுத்திய காரின் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழை விட்டாலும் இரும்பு காய்வதில்லை. கறள் வெளியில் தெரியும் இடத்தில் தொடங்குவதும் இல்லை. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை பெட்டி போல ஒரு தகடு ஓடுகிறதே, சில் என்பார்கள், அதற்குள் தொடங்கும். தண்ணீர் வடிய அடியில் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். நம் மணலும் சருகும் அவற்றை அடைத்துவிடும். கறளை வெட்டி எடுக்காமல் மேலே தார் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். தாருக்குப் பின்னால் கறள் தன் பாட்டில் வேலை பார்க்கும்.

மொரிஸ் மைனர் 1948இல் வந்தது, அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்தது. அதற்குத் தனியாகச் சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. உடலே சேஸி. அப்படிப்பட்ட காரில் சில் என்பது முள்ளந்தண்டின் ஒரு பகுதி. இது தெரியாமல்தான் நான் வாங்கினேன். ஹபரணை, கந்தளாய் என்று வழி நெடுகப் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டிவந்து, முதல் வேலையாக 85,000 ரூபா கொடுத்துக் கரும்பச்சைப் பெயிண்ட் அடித்தேன்.

இரண்டாவது வாடையில் பின்சக்கரத்துக்கு முன்னால் கொப்புளம் போட்டது. ரயர் மாற்ற ஜெக் வைத்தேன். ஜெக் மேலே போனது, கார் அப்படியே நின்றது. சில்லுக்குள் இருந்தவை பள்ளம் நிரப்பும் பட்டிப் பசை, பைபர், மடித்துத் திணித்த பத்திரிகைத்தாள், தட்டி நிமிர்த்திய ஒரு தகர டின். யாரோ ஒருவர் இருந்து கவனமாகச் செய்த வேலை அது. அந்தக் கவனத்தில் பாதியைக் காட்டியிருந்தாலே உண்மையான தகட்டைப் போட்டிருக்கலாம்.

அதோடு முடியவில்லை. நான் கொடுத்த கராஜில் இரண்டு பக்கச் சில்லையும் ஒரேயடியாக வெட்டி எடுத்தார்கள். கதவைக் கழற்றியிருந்தார்கள், உடலுக்கு ஒரு முட்டுக்கூடக் கொடுக்கவில்லை. கார் நடுவில் தொய்ந்தது. புதிய சில்லைப் பற்றவைத்து முடித்த பிறகு ஒரு கதவும் மூடவில்லை. திரும்ப வெட்டி, இழுத்து, மறுபடி பற்றவைத்து, மறுபடி பெயிண்ட். முதல் பெயிண்டுக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனது. கார் ஒன்றரை வருடம் ஓடவில்லை.

ஆகவே வாங்கப் போகும்போது ஒரு பாயும் டோர்ச்சும் காந்தமும் கொண்டுபோங்கள். பகலில் போங்கள். காந்தத்தைத் துணியில் சுற்றிச் சில்லின் மேலும் சக்கர வளைவுகளிலும் வையுங்கள். பட்டி தடிப்பாக இருந்தால் ஒட்டாது. தரைவிரிப்பைத் தூக்குங்கள். அடியில் படுத்து, குறுக்குச் சட்டத்தையும் பின் ஸ்பிரிங் கொழுவும் இடத்தையும் ஸ்குரூட்ரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், கறள் இரும்பு தொம்மென்று கேட்கும். ஜெக்கில் ஏற்றி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி மாறினால் முள்ளந்தண்டு போய்விட்டது. விற்பவர் அடியில் பார்க்க விடவில்லையா? சரி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

வேலை செய்விப்பதாக இருந்தால் கதவுகள் காரிலேயே இருக்கட்டும். அடியில் முட்டுக் கொடுத்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். நல்ல இரும்பு வரும்வரை வெட்ட வேண்டும். மெல்லிய தகட்டுக்கு காஸ் வெல்டிங்கை விட, கம்பி ஊட்டி மின்சாரத்தில் பற்றவைக்கும் மிக் வெல்டிங் நல்லது, சூட்டில் தகடு நெளிவது குறைவு. பிறகு துத்தநாகப் பிரைமர், சில்லுக்குள் மெழுகு, வடியும் துளைகள் திறந்தபடி. பெயிண்ட் கடைசி.

எல்லாப் பழைய காரும் ஒன்றென்று நினைப்பது

ஒஸ்டின் ஏ40 சோமர்செட்டுக்குத் தனிச் சேஸி உண்டு. உடலில் கறள் ஓட்டை விழுந்தாலும் கார் மடியாது. 1954இல் அதற்குப் பின் வந்த ஏ40 கேம்பிரிட்ஜுக்கு அது இல்லை. இரண்டுக்கும் பெயர் ஏ40தான், ஆனால் அடியில் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. போக்ஸ்வாகன் பீட்டிலுக்கு ரேடியேற்றர் இல்லை, கந்தளாய் வெயிலில் தண்ணீர் கொதிக்கும் பயம் இல்லை. ஆனால் இரு பக்கமும் ஓடும் சூட்டுக்காற்றுக் குழாய்த் தகடுகள்தான் அதில் முதலில் அரிக்கும்.

முதல் கார் எது என்று கேட்டால் என் பதில் டொயோட்டா கொரொல்லா கேஈ70. பின்சக்கர இழுவை, 1.3 லீற்றர் 4கே எஞ்சின். பொனெற்றைத் திறந்தால் கை விட இடம் இருக்கும், ஊர் மெக்கானிக் யாருக்கும் தெரிந்த எஞ்சின். அதிலும் அதன் டிஎக்ஸ் ஸ்டேஷன் வாகன் என்றால் எனக்கு உயிர். ஹோண்டா சிவிக் ஈகே அழகு, ஓட்ட இன்பம், ஆனால் பழகுவதற்கு அல்ல, பழகிய பிறகு.

ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்துவது

வேண்டாம்.

ரயரில் வெட்டு ஆழத்தை மட்டும் பார்ப்பது

பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. எப்போதாவது ஓடும் காரின் ரயர் தேயாமலே வயதாகிவிடும், வெயிலில் வெடிப்பு விழும். ஹபரணை வீதியில் வேகத்தில் போகும்போது அது தெரியவருவது நல்லதல்ல.

டொயோட்டா அக்வாவின் பின் சீற்றில் சாமான் குவிப்பது

பின் சீற்றின் ஓரத்தில் ஒரு வலை தெரியும். ஹைபிரிட் பற்றரி அதன் வழியாகத்தான் காற்றெடுத்துக் குளிர்கிறது. பையை வைத்து அடைத்தாலும், கடற்கரை மணலும் தூசியும் பில்டரை மூடினாலும் பற்றரி சூடாகி ஆயுள் குறையும். பில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய அரை மணித்தியாலம் போதும். பற்றரிக்கு ஆகும் செலவைச் சொல்ல வேண்டியதில்லை.

உப்புவெளி மணலில் இறக்கிப் படம் எடுப்பது

எடுங்கள், எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். அன்று மாலையே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மேலே கழுவியது கணக்கில் இல்லை.

ஓப்பன் பேப்பரில் வாங்குவது

விற்றவர் கையெழுத்துப் போட்ட படிவத்தை மட்டும் வாங்கி வைத்து, உரிமையை மாற்றாமல் விடுவதைச் சொல்கிறேன். பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறாத கார் உங்கள் கார் இல்லை.

தம்பியின் லான்சரை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தூக்கிப் பார்த்தோம். இடப்பக்கச் சில்லின் பின்பாதியில் ஸ்குரூட்ரைவர் பிடிவரை உள்ளே போனது. வலப்பக்கம் தப்பியிருக்கிறது. இப்போது என் கொட்டிலில் நான்கு கட்டைகளின் மேல் நிற்கிறது, கதவுகள் காரிலேயே இருக்கின்றன. அந்தச் சிவப்புப் பெயிண்டில் முதலில் கிறைண்டரை வைத்தவன் அவன்தான். வாடைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.