குழந்தை டாக்டர் கிளினிக்ல மனநலமும் சேத்துப் பாக்கப் போறீங்களா? இந்தத் தப்புகள மட்டும் பண்ணிறாதீங்க

மதுரையில ஒரு குழந்தைகள் கிளினிக்ல வாரத்துல மூணு நாள் சாயங்காலம் கவுன்சிலரா உக்காருறேன், இதுக்கு முன்னாடி வேற ரெண்டு எடத்துல உக்காந்தேன். இப்ப மேலூர், திருமங்கலம் பக்கமெல்லாம் கூட குழந்தை டாக்டருங்க "நம்ம கிளினிக்லயும் ஒரு சைக்காலஜிஸ்ட் இருந்தா நல்லாருக்குமே"ன்னு கேக்க ஆரம்பிச்சிருக்காங்க, கேக்கவே சந்தோஷமா இருக்கு. ஏன்னா இந்த ஊர்ல புள்ளைக்கு காய்ச்சல்னாலும் சரி, பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு தெனமும் அழுதாலும் சரி, மொதல்ல தூக்கிட்டு ஓடுறது குழந்தை டாக்டர்ட்டதான், மனநல டாக்டர்ட்ட நேரா போறவங்க ரொம்பக் கம்மி. 2015-16ல பெங்களூரு நிம்ஹான்ஸ் எடுத்த தேசிய மனநல சர்வேல 13லேர்ந்து 17 வயசு புள்ளைகள்ல 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை இருக்குன்னு வந்துச்சு. அதுல எத்தன புள்ளைக நம்ம பெஞ்சுல உக்காந்து தலவலி மாத்திரை மட்டும் வாங்கிட்டு போயிருக்கும்னு நெனச்சா மனசு கெடந்து அடிச்சுக்குது.

எல்லாரும் மொதல்ல சறுக்குற எடம் ஒண்ணுதான். ஒரு ரூம ஒதுக்கி, ஆளப் போட்டு, போர்டு மாட்டிட்டா வேலை முடிஞ்சதுன்னு நெனச்சிர்றது. நான் முன்னாடி இருந்த ஒரு எடத்துல எனக்கு ரெண்டாவது மாடி, வாசல்ல பெருசா "மனநல ஆலோசகர்"னு போர்டு, தனி டோக்கன், தனி பீஸ். கீழ டாக்டர் சீட்டுல "கவுன்சிலிங்"னு ஒரு வார்த்தை எழுதி குடுத்துருவாரு, பத்து சீட்டு எழுதுனா ரெண்டு மூணு பேரு ஏறி வந்தா பெருசு. ஒரு நாள் நான் எறங்கும்போது மாடிப்படியில ஒரு அம்மா அந்த சீட்ட கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, சேடபட்டி பக்கத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்தவங்க, பக்கத்துல எட்டு வயசுப் பையன் வயித்தப் புடிச்சுக்கிட்டு. என்னப் பாத்து "ஏம்மா, எம்புள்ளைக்கு பைத்தியம்னா எழுதிருக்காக?"ன்னு கேட்டாங்க. அந்த ஒத்தக் கேள்விதான் இன்னைக்கு வரைக்கும் நான் வேலை செய்யுற விதத்த மாத்துச்சு.

இப்ப இருக்குற எடத்துல சீட்டே கெடையாது. டாக்டர் ரூமுக்கு அடுத்த ரூம் எனக்கு, கதவுல "3"னு நம்பர் மட்டுந்தான். டாக்டரே எந்திரிச்சு வந்து, "இவுங்க என்கூட வேலை பாக்குறவுங்க, இந்த மாதிரி வயித்துவலி வர்ற புள்ளைகள நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் பாப்போம், நீங்க இவுங்ககிட்ட கொஞ்ச நேரம் பேசிட்டு இருங்க"ன்னு சொல்லி கையோட ஒப்படைச்சுட்டு போவாரு. ஒரு நிமிஷங்கூட ஆகாது, ஆனா அந்த ஒரு நிமிஷத்துக்கு பதிலா வேற எதையும் வைக்க முடியாது. மொத நாளே முக்கால் மணி நேரம் உக்கார வைக்கவும் கூடாது, வெளிய கூட்டம் நிக்குது, அவங்களுக்கும் கடைசி பஸ் போயிரும். இருபது நிமிஷம், வீட்ல செய்யுறதுக்கு ஒரே ஒரு விஷயம், அடுத்து எப்ப வரணும்னு தேதி, அம்புட்டு போதும்.

அந்த சேடபட்டி பையனுக்கு மூணு ஸ்கேன், நாலு தடவ பூச்சி மாத்திரை எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. கடைசியா ஒருத்தர் "ஒண்ணுமில்லம்மா, நடிக்கிறான்"னு சொல்லி அனுப்பிட்டாங்களாம், வீட்ல அடி விழுந்திருக்கு. தயவுசெஞ்சு இந்த வார்த்தைய சொல்லாதீங்க. ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலன்னாலும் அந்த வலி நெசமான வலி, பயம் வந்தா கொடலு இழுத்துப் புடிக்கத்தான் செய்யும். எட கொறையுது, ராத்திரி தூக்கத்துலேர்ந்து வலியில முழிக்கிறான், மலத்துல ரத்தம் போகுதுன்னா கண்டிப்பா மேல டெஸ்ட் பாக்கணும், அத விடவே கூடாது. அதெல்லாம் இல்ல, திங்கக்கிழமை காலையில மட்டும் வலி வருதுன்னா, திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துல என்ன நடக்குதுன்னு கேக்கணும். இவனுக்கு அன்னைக்கு டிக்டேஷன், எழுத்தே கூட்டி வாசிக்க வரல, அத யாரும் கவனிக்கல.

ஸ்கிரீனிங் பேப்பர் குடுக்குறதுலயும் நெறைய தப்பு நடக்குது. ஆட்டிசம் இருக்குமான்னு மொதக்கட்டமா பாக்குற எம்-சாட் பேப்பர்ல 20 கேள்வி, 16லேர்ந்து 30 மாசக் கொழந்தைக்கு. அதுல 3லேர்ந்து 7 மார்க் வந்தா திரும்ப ஒக்காந்து ஒவ்வொண்ணா வெவரமா கேக்கணும்னுதான் இருக்கு, அதுக்குள்ள "ஆட்டிசம் மாதிரி தெரியுதும்மா"ன்னு சொல்லி அந்த அம்மாவ ராத்திரியெல்லாம் அழ விட்டுர்றோம். இன்னொரு பக்கம் ரெண்டு வயசாகியும் பேச்சு வரலன்னு வந்தா "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்"னு அப்பத்தா சொல்றத டாக்டரும் சொல்றாங்க. காது நல்லா கேக்குதான்னு பாக்குற டெஸ்ட், பேரான்னு (BERA) சொல்லுவாங்களே, அத எடுத்தாங்களான்னு மொதல்ல கேளுங்க. சுறுசுறுப்பு அதிகம், ஒரு எடத்துல நிக்கமாட்டான்னு வந்தா தூக்கம் எப்படி, ரத்தத்துல இரும்புச்சத்து எப்படின்னு பாருங்க, ஞாபகசக்தி டானிக் எழுதி அனுப்பாதீங்க.

இதுக்கெல்லாம் தனியா நாள் வைக்கவும் வேண்டாம், தடுப்பூசி அட்டையே போதும். 6, 10, 14 வாரத்துக்கு ஊசி போட வரும்போது அம்மா தூங்குறாங்களா, சாப்புடுறாங்களா, மனசு எப்படி இருக்குன்னு கேட்டுரலாம், பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வ கேட்டாத்தான் சொல்லுவாங்க. 9 மாசம், ஒன்ற வயசு, அஞ்சு வயசு ஊசிக்கு வளர்ச்சிய பாக்கலாம். 10 வயசுலயும் 16 வயசுலயும் டிடி ஊசிக்கு வருவாங்களே, அன்னைக்கு புள்ளைகிட்ட தனியா அஞ்சு நிமிஷம் பேசுங்க.

தனியான்னா தனியாத்தான். டோக்கன் குடுக்குற பொண்ணு பத்து பேருக்கு முன்னாடி "என்ன, பையன் படிக்கலயா?"ன்னு கேட்டுச்சுன்னா அந்தப் பையன் உள்ள வந்து வாயே தொறக்கமாட்டான். சாகணும்னு தோணியிருக்கான்னு கேட்டா நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிருமோன்னு பயப்படுறாங்க, அப்படி ஆகாது, நேரா கேட்டாத்தான் புள்ள மூச்ச விட்டு பேசும். ஆனா "ஆமா"ன்னு சொன்னா அடுத்து என்ன பண்றதுன்னு முடிவு பண்ணாம அந்தக் கேள்விய கேக்க ஆரம்பிக்காதீங்க. அன்னைக்கே எந்த மனநல டாக்டர், யாரு கூடப் போறது, வீட்ல வயலுக்கு அடிக்கிற மருந்த யாரு பூட்டி வைக்கிறதுன்னு எல்லாம் முன்கூட்டியே பேசி வச்சிருக்கணும். 14416ங்கற மனநல ஹெல்ப்லைன் நம்பர எழுதி கையில குடுங்க, 2022லேர்ந்து "நட்புடன் உங்களோடு"ன்னு நம்ம கவர்மெண்ட் நடத்துறது, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

கையில மந்திரிச்ச கயிறு கட்டி வந்தா அத கழட்டச் சொல்லி சண்ட போடாதீங்க. பாண்டி கோயிலுக்கும் போயிட்டு வாங்க, வியாழக்கிழமை இங்கயும் வாங்கன்னு சொன்னா வருவாங்க.

அப்புறம், நான் பாத்தத டாக்டர் பாக்குற அதே பைல்ல ரெண்டு வரி எழுதுவேன், அவரும் படிச்சுட்டுத்தான் அடுத்த தடவ கூப்புடுவாரு. புள்ள என்னய நம்பி சொன்ன வெவரமெல்லாம் அதுல வராது, உயிருக்கு ஆபத்துன்னாலோ யாராவது தப்பா நடந்துகிட்டாலோ மட்டும் மறைக்கமுடியாதுன்னு மொதல்லயே புள்ளைகிட்ட சொல்லிருவேன்.

வர்றேன்னுட்டு வராதவங்கள விட்டுறவும் கூடாது. நாங்க காலையில போன் பண்ணிப் பண்ணி ஏமாந்தோம், அந்நேரம் அம்மாக்க நூறு நாள் வேலையில இருப்பாங்க, போனு வீட்டுக்காரர்ட்ட இருக்கும். இப்ப ராத்திரி ஏழரைக்கு மேலதான் கூப்புடுறது, ஒல வச்சுட்டு பேசுவாங்க.