பயணத்துக்கு எந்த அளவு மடிக்கணினி? அங்குலத்துக்கு அப்பால் அளக்க வேண்டியவை

மடிக்கணினி வாங்க முற்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது அதன் அங்குல அளவைத்தான். 13, 14, 15.6, 16 என்று குறிக்கப்படும் அந்த எண், திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரையுள்ள நீளத்தை மட்டுமே சொல்கிறது. கருவியின் அகலம் எவ்வளவு, முன்பின்னாக ஆழம் எவ்வளவு, தடிமன் எவ்வளவு, எடை எவ்வளவு என்ற நான்கு கேள்விகளுக்கும் அதில் விடை இல்லை. மேசையை விட்டு நகராத கணினிக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. மாதத்தில் பல நாள் அதைத் தோளில் சுமந்து சென்று, ரயிலிலும் விமானத்திலும் காத்திருப்புக் கூடங்களிலும் திறந்து வேலை செய்யப்போகிறவருக்கோ அந்த நான்கு விடைகளும் அங்குலத்தைவிட முக்கியமானவை. ஆகவே எந்த மாதிரியையும் பார்ப்பதற்கு முன், உங்களிடம் இப்போது இருக்கும் பையின் உள்ளளவையும், நீங்கள் தற்போது சுமக்கும் கணினியின் எடையையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லா ஒப்பீட்டுக்கும் அந்தத் தாள்தான் அடிப்படை.

திரையின் விகிதத்தை, அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை, முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே அங்குல அளவுள்ள இரண்டு திரைகள் வெவ்வேறு வடிவத்தில் இருக்கலாம். பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த 16:9 விகிதம் அகலமானது, உயரம் குறைந்தது. இப்போது பரவலாகிவிட்ட 16:10 விகிதம் சற்று உயரமானது. 3:2 அதைவிடவும் உயரமானது. இதைக் கணக்கிட்டுப் பார்த்தால் சில வியப்புகள் கிடைக்கும். 16:9 விகிதத்தில் 15.6 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 34.5 செ.மீ., உயரம் 19.4 செ.மீ. 16:10 விகிதத்தில் 16 அங்குலத் திரையின் அகலமும் அதே 34.5 செ.மீ.தான்; உயரம் மட்டும் 21.5 செ.மீ. ஆகிறது. எண்ணில் பெரிதாகத் தெரிகிற 16 அங்குலக் கருவி பையில் அகலவாக்கில் கூடுதல் இடம் கேட்பதில்லை, ஆழத்தில்தான் 2 செ.மீ. கேட்கிறது. அதுபோலவே, 3:2 விகிதமுள்ள 13.5 அங்குலத் திரையின் பரப்பு, 16:9 விகிதமுள்ள 14 அங்குலத் திரையின் பரப்புக்குச் சமமாகவே இருக்கிறது. இரண்டுமே ஏறக்குறைய 540 சதுர செ.மீ. எழுதுவது, படிப்பது, நிரல் எழுதுவது, அட்டவணைகளைப் பார்ப்பது போன்ற மேலிருந்து கீழாக நீளும் வேலைகளுக்கு உயரமான திரை மிகவும் உதவும். எனவே சிறிய கருவி வேண்டும் என்று முடிவு செய்கிறவர் 16:10 அல்லது 3:2 விகிதத்தைத் தேடுவது நல்லது. அங்குலத்தில் விட்டுக்கொடுப்பதன் ஒரு பகுதியை விகிதத்தில் திரும்பப் பெற்றுவிடலாம்.

அடுத்தது எடை. திரை பெரிதானால் எடையும் கூடும் என்பது பொதுவாக உண்மை, ஆனால் விதியன்று. எல்ஜி நிறுவனத்தின் கிராம் வரிசையில் 17 அங்குலக் கருவி சுமார் 1.35 கிலோதான் இருக்கிறது. ஆப்பிளின் 14 அங்குல மேக்புக் புரோ 1.55 கிலோ. உலோகத்தின் தன்மை, பேட்டரியின் அளவு, குளிர்விக்கும் அமைப்பு, படங்களையும் விளையாட்டுகளையும் கையாளும் தனி வரைகலைச் சில்லு இருக்கிறதா இல்லையா என்பவை சேர்ந்துதான் எடையைத் தீர்மானிக்கின்றன. அதற்காக 17 அங்குலக் கருவி எளிதில் எங்கும் போகும் என்று நினைத்துவிடக் கூடாது. எடை குறைந்தாலும் அதன் அகலம் 38 செ.மீ. அளவில் இருப்பதால், முதுகுப்பைகள் பலவற்றில் அது நுழைவதில்லை. எடையையும் பரப்பையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எண்ணாகப் படிக்கும்போது 1.2 கிலோவுக்கும் 2.4 கிலோவுக்கும் உள்ள வேறுபாடு மனத்தில் பதிவதில்லை. அதை உடலால் அறிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. வழக்கமான 80 கிராம் வகை ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். 500 தாள் கொண்ட ஒரு கட்டு 2.5 கிலோ. 250 தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் நடந்து பாருங்கள். அது இலகுவான 13 அங்குலக் கருவியின் எடை. மறுநாள் முழுக் கட்டையும் வைத்துக்கொண்டு அதே வழியில் செல்லுங்கள். அது விளையாட்டுக்கென வடிவமைக்கப்பட்ட 15.6 அங்குலக் கருவியின் எடை. காலையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. மாலையில் படிக்கட்டில் ஏறும்போது தோள் சொல்லிவிடும். நான் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒருமுறை 15.6 அங்குலக் கருவி ஒன்றை வாங்கிவிட்டு, மூன்றாவது பயணத்திலிருந்தே அதைத் தங்குமிடத்தில் வைத்துவிட்டுச் செல்லத் தொடங்கினேன். கையோடு வராத கணினியால் பயணத்தில் பயனில்லை என்பதால், இந்த ஒரு சோதனையையாவது தவறாமல் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எடையைக் கூட்டும்போது சார்ஜரை விட்டுவிடக் கூடாது; விளம்பரங்களில் குறிப்பிடப்படும் எடையில் அது சேர்வதில்லை. யூஎஸ்பி-சி வழியாக 65 வாட்டில் மின்னேற்றம் பெறும் மெல்லிய கருவிகளுக்கு, கேலியம் நைட்ரைடு (சார்ஜரைச் சிறிதாக்க உதவும் குறைகடத்திப் பொருள்) பயன்படுத்திய சிறிய சார்ஜரும் கம்பியும் சேர்ந்து 200 கிராம் அளவில் அடங்கிவிடும். அதே சார்ஜர் கைப்பேசிக்கும் உதவும். ஆற்றல் மிகுந்த பெரிய கருவிகளோடு வரும் 230 வாட், 330 வாட் சார்ஜர்கள் முக்கால் கிலோவையும் தாண்டக்கூடியவை. பல விமான நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோ என்ற வரம்பை வைத்திருக்கின்றன. 2.4 கிலோ கணினியும் 0.8 கிலோ சார்ஜரும் அந்த வரம்பில் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொள்ளும், 1.2 கிலோ கணினியும் 0.2 கிலோ சார்ஜரும் ஐந்தில் ஒரு பங்கோடு நின்றுவிடும். ஆடைகளுக்கும் மருந்துகளுக்கும் எவ்வளவு மிஞ்சும் என்பதை இந்தக் கணக்கே காட்டும்.

விமானத்தில் பேட்டரிக்கும் வரம்பு உண்டு. 100 வாட்-மணி (பேட்டரி சேமிக்கும் ஆற்றலின் அளவு) வரையுள்ள லித்தியம் பேட்டரியை முன்அனுமதி இல்லாமல் பயணி கொண்டுசெல்லலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. அதற்கு மேல் பயணியின் உடைமையாகக் கொண்டுசெல்ல இயலாது. பெரிய மடிக்கணினிகளின் பேட்டரிகள் 99 வாட்-மணி அளவில் நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். தனியாக எடுத்துச்செல்லும் பவர் பேங்க்குகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று குறிக்கப்பட்டது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி என்பதால் அது வரம்புக்குள் அடங்கும்.

பெரிய கருவியில் பெரிய பேட்டரி இருப்பதால் அது அதிக நேரம் தாங்கும் என்பது பலருடைய எண்ணம். பெரிய திரைக்கு ஒளியூட்ட அதிக மின்சாரம் வேண்டும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். எம்2 சில்லுடன் வந்த ஆப்பிளின் மேக்புக் ஏரில் 13 அங்குலக் கருவிக்கு 52.6 வாட்-மணி, 15 அங்குலக் கருவிக்கு 66.5 வாட்-மணி பேட்டரி. இரண்டுக்குமே காணொளி பார்க்கும் நேரமாக அந்நிறுவனம் குறிப்பிட்டது 18 மணிதான். ஆகவே பேட்டரியின் கொள்ளளவை மட்டும் ஒப்பிடாமல், நீங்கள் செய்யும் வகை வேலையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதைப் பாருங்கள்.

அளவைத் தேர்ந்தெடுப்பதில் நான் மிகுந்த முக்கியத்துவம் கொடுப்பது, கருவி எங்கே திறக்கப்படும் என்ற கேள்விக்கு. முன்இருக்கையின் பின்புறத்திலிருந்து விரியும் சிறு மேசையில் அகலம் பெரும்பாலும் தடையாவதில்லை, ஆழம்தான் தடையாகிறது. மூடியை 120 பாகை திறந்தால் அதன் மேல்விளிம்பு, கீல் இருக்கும் இடத்திலிருந்து, கருவியின் ஆழத்தில் பாதி அளவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும். எனவே ஆழத்தை ஒன்றரையால் பெருக்கினால் வசதியாகத் திறப்பதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது தெரிந்துவிடும். 21.5 செ.மீ. ஆழமுள்ள 13 அங்குலக் கருவிக்கு 32 செ.மீ. போதும், 25 செ.மீ. ஆழமுள்ள 16 அங்குலக் கருவிக்கு 37.5 செ.மீ. வேண்டும். முன்னால் இருப்பவர் இருக்கையைச் சாய்த்துவிட்டால் இந்த 5 செ.மீ. வேறுபாடுதான் வேலை நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கும். அவர் திடீரென்று சாய்க்கும்போது உயரமான திரையின் மேல்விளிம்பு அந்த இருக்கையில் சிக்கி, திரை விரிசல் விடும் ஆபத்தும் உண்டு. இருக்கையில் அமர்ந்து அடிக்கடி வேலை செய்கிறவருக்கு 14 அங்குலமே மேல்வரம்பு என்பது என் உறுதியான கருத்து.

மடியில் வைத்து வேலை செய்வதற்கு வேறொரு கணக்கு. அங்கே நிலையாக நிற்பதுதான் தேவை. தாங்குகால் வைத்துப் பின்னால் சாய்க்கப்படும் பிரிக்கக்கூடிய விசைப்பலகை வகைக் கருவிகள் எடையில் மிகக் குறைந்தவை என்றாலும், தாங்குகாலுக்குத் தொடையில் போதிய நீளம் வேண்டியிருப்பதால் பலருக்கு வசதியாக அமைவதில்லை. கடையிலேயே நாற்காலியில் அமர்ந்து, மடியில் வைத்து, ஐந்து நிமிடம் தட்டச்சு செய்து பார்த்துவிடுங்கள்.

விசைப்பலகையைப் பொறுத்தவரை 13 அங்குலத்துக்குக் கீழே போவதற்கு நான் தயங்குவேன். முழு அளவு விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடு வரை சுமார் 19 மி.மீ. இருக்கும். 13 அங்குல உடலில் இந்த இடைவெளி பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது. அதைவிடச் சிறியவற்றில் விசைகள் நெருங்கிவிடுவதால் நீண்ட நேரம் எழுதுகிறவருக்கு விரல் தடுமாறும். மறுபுறம், 15.6 அங்குலத்திலும் அதற்கு மேலும் வலப்பக்கம் தனி எண்விசைகள் சேர்க்கப்பட்டிருப்பது வழக்கம். கணக்குப் பதிவு செய்கிறவர்களுக்கு அது வரம். மற்றவர்களுக்கோ எழுத்துவிசைகளும் டச்பேடும் இடப்பக்கம் தள்ளப்பட்டு, உடல் எப்போதும் சற்றே திரும்பியிருக்க வேண்டியதாகிறது. எண்விசைகள் எப்போதாவது மட்டும் தேவைப்படுகிறவர், தனியாக விற்கப்படும் சிறு எண்பலகை ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

திரையின் நுண்ணளவு, அதாவது அதிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, கூடினால் சிறிய திரையிலும் அதிக இடம் கிடைக்கும் என்ற வாதத்தை எச்சரிக்கையோடு கேளுங்கள். 2880×1800 புள்ளிகள் உள்ள 14 அங்குலத் திரையை எழுத்துகள் படிக்கும்படியாக 200 விழுக்காடு உருப்பெருக்கத்தில் வைத்தால், வேலைக்குக் கிடைக்கும் இடம் 1440×900தான். எழுத்து கூர்மையாகத் தெரியும், இடம் கூடாது. இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்து நாள் முழுவதும் ஒப்பிடுவதுதான் உங்கள் தொழில் என்றால், அதற்கு உண்மையான பரப்பே வேண்டும். அப்போதும் 16 அங்குலக் கருவிதான் ஒரே வழி என்பதில்லை. ஏற்கெனவே கைக்கணினி (டேப்லெட்) வைத்திருப்பவர் அதை இரண்டாவது திரையாக இணைக்கலாம். சேருமிடத்தில் வெளித்திரை கிடைக்கும் என்றால் ஒரு கம்பியை மட்டும் எடுத்துச் சென்றால் போதும். கையில் எடுத்துச்செல்லும் தனித் திரைகளும் உண்டு. ஆனால் அதன் எடையை இலகுவான கணினியின் எடையோடு கூட்டினால் பெரிய கணினி ஒன்றின் எடையே வந்துவிடக்கூடும் என்பதால், எல்லாப் பயணத்துக்கும் அது தேவையா என்று எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும்.

மெல்லிய உடலுக்கு உரிய குறைகளையும் அறிந்தே வாங்க வேண்டும். வெப்பம் வெளியேறுவதற்கு இடம் குறைவாக இருப்பதால், காணொளித் தொகுப்பு போன்று நெடுநேரம் நீடிக்கும் கனமான வேலைகளில் சிறிய கருவி சிறிது நேரத்தில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெல்லிய மாதிரிகள் பலவற்றில் ரேம் (தற்காலிக நினைவகம்) தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் கூட்ட முடியாது. தேவையானதை வாங்கும்போதே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். இணைப்புத் துளைகளும் குறைவு. கூட்டங்களில் திரையிட்டுப் பேசுகிறவர்கள் வெளித்திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ துளை உடலிலேயே இருக்கும் மாதிரியைத் தேடுவது நல்லது, இணைப்பான் மறந்துபோகும் நாள் நிச்சயம் வரும்.

இவற்றை வைத்து என் பரிந்துரை இது. நாள்தோறும் இடம் மாறி, பெரும்பாலும் எழுத்து, மின்னஞ்சல், இணையம் ஆகியவற்றிலேயே வேலை முடிகிறவர் 13 அங்குலத்தை எடுக்கலாம். இந்த ஒரே கணினியே வீட்டிலும் பயணத்திலும் பயன்பட வேண்டும் என்கிறவருக்கு, 1.4 கிலோவுக்கு மிகாத, 16:10 விகிதமுள்ள 14 அங்குலம் பொருந்தும். அதன் திரை பழைய 16:9 விகித 13.3 அங்குலத் திரையைவிட 7 மி.மீ. மட்டுமே அகலம் கூடியது. ஓரிடத்துக்குச் சென்று வாரக்கணக்கில் தங்கி, மேசையில் வைத்துப் படத்தொகுப்போ வடிவமைப்போ செய்கிறவர் தயங்காமல் 16 அங்குலத்துக்குப் போகலாம். அவருடைய சுமை, போகும் நாளிலும் திரும்பும் நாளிலும் மட்டுமே.

முடிவெடுப்பதற்கு முன், மனத்தில் இருக்கும் இரண்டு மாதிரிகளின் அகலத்தையும் ஆழத்தையும் நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்து, அந்த அளவில் இரண்டு அட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் உங்கள் பையில் வைத்து, தண்ணீர்ப் புட்டி, உணவு, குடை முதலிய வழக்கமான பொருள்களோடு பையை மூடிப் பாருங்கள். பைகளில் எழுதப்பட்டிருக்கும் அங்குல அளவை நம்ப வேண்டாம். பழைய 16:9 கருவிகளுக்கென்று தைக்கப்பட்ட அறைகளில் இன்றைய உயரமான கருவிகள் வாய்ப்பகுதியில் துருத்திக்கொண்டு நிற்பதுண்டு. அட்டை நுழைந்தும் பையின் ஜிப் இழுபடவில்லை என்றால், தடிமனுக்காக ஒரு விரல் இடம் மிஞ்சுகிறதா என்பதையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.