நீல மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம்

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பல பெண் பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் குமட்டல்தான். வெறும் வயிற்றில் போட்டால் அப்படித்தான் புரட்டும். மதியம் வயிறார சாப்பிட்டபின் போடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதைப் பார்த்து மிரண்டே பலர் நிறுத்துகிறார்கள். டீ, காபி இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். அப்புறம் ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ கொடுங்கள், இரும்பு நன்றாகச் சேரும். 6 மாதத்துக்கு ஒருமுறை தரும் குடற்புழு மாத்திரையையும் விடக் கூடாது. மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமுள்ள பிள்ளையை மருத்துவரிடம் காட்டி, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.